வால்வெள்ளிக்கு டென்மார்க் கொடுத்த பதக்கம்

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூரில் வளர்ந்தோர் பள்ளியின் டெனிஷ் வாய்மொழிப் பரீட்சைக்குப் போனபோது என் மகள் தவழத் தொடங்கியிருந்தாள். தேறினால் தூரத்து நகரமான ஓகூஸில் ஆய்வுகூடப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். தவறினால் இன்னும் ஓராண்டு. கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தே களைத்துப்போன எனக்கு அந்த ஓராண்டு மலைபோலத் தெரிந்தது.

பேசும் விடயத்தை நாமே தெரிவு செய்யலாம் என்றார்கள். நான் ஒரு பெண் வானியலாளரைத் தெரிந்தெடுத்தேன். அந்தக் காலத்து அமெரிக்காவில் வீட்டுக் கூரையில் தொலைநோக்கி வைத்து வால்வெள்ளி ஒன்றைக் கண்டவர். பின்னர் பெண்களுக்கெனத் தொடங்கிய கல்லூரியில் பேராசிரியையானவர். கண்டதற்காக அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தவர் டென்மார்க் அரசர். பரீட்சகர் மகிழ்வார் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அந்த வானியலாளர் தன் மாணவிகளுக்குப் புள்ளி போட விரும்பாதவர். அதைப் பரீட்சகரிடம் சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று பல நாள் யோசித்தேன்.

ஊரில் படித்த முறைப்படி எல்லாவற்றையும் எழுதிப் பாடமாக்கினேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பருப்பைக் கிளறியபடி ஒப்பித்தேன்.

"இந்தப் பிள்ளை அம்மா எண்டு சொல்லாது. முதல் சொல்லே வால்வெள்ளிதான்," என்றார் கணவர்.

"பகிடி விடாதேங்கோ. ஒரு வசனம் விட்டாலும் எல்லாம் மறந்துபோகும்."

பரீட்சை அறையில் எங்கள் ஆசிரியையும், வெளியூரிலிருந்து வந்த பரீட்சகரும் இருந்தார்கள். நான் ஒப்பித்தபடி கூரைத் தொலைநோக்கிக்கு வந்ததும் பரீட்சகர் குறுக்கிட்டு, "மழையில் வழுக்கியிருக்காதா?" என்றார். இங்கே வாய்மொழிப் பரீட்சை என்பது ஓர் உரையாடல் என்று எனக்குத் தெரியாது. பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டு, முதல் வசனத்திலிருந்து தொடங்கினேன். கூரை வந்ததும் அவர் மறுபடி வாய் திறந்தார். நானும் மறுபடி தொடங்கினேன். ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசையைப் பார்த்தார்.

"உங்கள் வால்வெள்ளி திரும்பத் திரும்ப வருகிறதே," என்றார் பரீட்சகர். "ஒப்பிக்க வேண்டாம், எங்களோடு பேசுங்கள். பதக்கம் உடனே கிடைத்ததா?"

"இல்லை. அவர் கண்ட செய்தி இங்கே பிந்தி வந்ததால், விதிப்படி கொடுக்கலாமா என்று இழுபட்டது." பிறகு, பாடமாக்காத ஒன்று வாயில் வந்துவிட்டது. "எனக்கும் அப்படித்தான். கணவரிடம் வர அனுமதி கேட்டேன். டென்மார்க் யோசித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் தந்தது."

தமிழ் அகதிகளின் குடும்பங்களை வரவிடாமல் அரசாங்கம் இழுத்தடித்த 'தமிழர் விவகாரம்' தொலைக்காட்சியில் நாளாந்தம் ஓடிய காலம் அது. அரசாங்கத்தைக் குறை சொல்லிவிட்டேனா? பரீட்சகரோ நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "அவ்வளவு காலம் என்ன செய்தீர்கள்?"

சொன்னேன். புள்ளி போடாத பேராசிரியையையும் இடையில் சேர்த்துச் சொன்னேன். வினைச்சொற்கள் தாறுமாறாகப் போயின, யாரும் நிறுத்தவில்லை. என்னை வெளியே அனுப்பித் தமக்குள் பேசி, மீண்டும் கூப்பிட்டு, கைகொடுத்து, தேறிவிட்டதாகச் சொன்னார்கள்.

கணவர் வாசலில் தள்ளுவண்டியுடன் நின்றார்.

"பாஸ்," என்றேன். "ஆனா ஓகூஸுக்கு ஒவ்வொரு நாளும் எப்பிடிப் போறது? பஸ்ஸும் இல்லை. பிள்ளைக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது? அங்கயும் இப்பிடித்தான் கதைக்க விடுவினமோ?"

"இஞ்ச பாரும்," என்றார் அவர். "இண்டைக்குப் பாசானதோட நில்லுமன்."