ரதி சரியில்லாத வருடம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் இருபது வருடமாக நான்தான் ரதி. காமன் எரிந்ததும் வெள்ளைச் சேலை கட்டி நான் வைக்கும் ஒப்பாரிக்கு லயத்து வரிசை வீட்டுச் சனமே அழும். மற்ற நாட்களில் காதல் நாவல் எழுதுவேன். முதலில் வாசிப்பவள் என் மனைவி. கொழுந்தெடுத்துவிட்டு வந்து, கால்கூடக் கழுவாமல் தாளைக் கையில் எடுப்பாள்.

"யாரையும் சாகடிச்சிறாதீங்க. வருசா வருசம் கூத்துல அழுவுறது போதாதா?" என்பாள். அதனால் என் கதைகளில் எல்லோரும் சேர்ந்துவிடுவார்கள்.

போன வருடம் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். சாவு வீட்டில் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். எனக்குச் சத்தம் வரவில்லை.

"கூத்துல காமனுக்கு அப்புடி அழுவுற மனுசன், சொந்தப் பொஞ்சாதிக்கு ஒரு சொட்டு விடலியே" என்றாள் ஒருத்தி.

மாசியில் மறுபடியும் வெள்ளைச் சேலை கட்டிவிட்டார்கள். காமன் எரிந்தான். பாடத்தான் வாயைத் திறந்தேன். அவள் பெயர் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வரிகூடப் பாட முடியவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். கூத்து வாத்தியார் தப்பு மேளத்தை அடிக்கச் சொல்லி, அவசரமாகக் கூத்தை முடித்தார்.

மறுநாள் கொழுந்தெடுக்கும் மலையில் பேசிக்கொண்டார்களாம்: "இந்த வருசம் ரதி சரியில்ல. நடிப்பே வரல."