ஏழில் நின்ற குமிழ்

ஜம்புநாதனுக்கு ஒரு சாமர்த்தியம் கைவந்திருந்தது. யார் பேச வந்தாலும், அவர்கள் தமக்கு இடது பக்கத்தில் இருக்கும்படி சட்டென்று திரும்பிக்கொள்வார். மூன்று வருஷமாக இப்படித்தான் வண்டி ஓடியது. வலது காது அடியோடு போய்விட்டது. இடது காது அரைகுறை. "ரேடியோவை ஏன் இப்படி அலற விடறேள், ஹப்சிகுடா பேட்டை பூரா கேக்கறது" என்று மனைவி கல்பகம் சலித்துக்கொண்டால், பழியை ரேடியோ மேலேயே போட்டுவிடுவார்.

வேறு எந்த வேலையில் இருந்தாலும் சமாளித்துவிடலாம். இவருக்கு வேலையே கேட்பதுதான். கும்பகோணத்திலிருந்து வந்து மத்திய சர்க்கார் தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து பதினாறு வருஷம் காதில் ஹெட்போனோடு சோதனை மேஜையில் உட்கார்ந்தவர். மற்றவர்களுக்குப் பிடிபடாத இரைச்சலை அவர் பிடிப்பார். 'ஜம்பு காது' என்று தொழிற்சாலையில் ஒரு பேரே உண்டு. விஷயம் வெளியே தெரிந்தால் ஸ்டோர்ஸுக்குத் தள்ளிவிடுவார்கள், திருகாணி எண்ண.

1974-ல் அவர்கள் பிரிவில் செய்துகொண்டிருந்தது, மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி. பட்டாளத்துக்காரர்கள் கண்ணிவெடி தேடுவதற்கு. முதல் மாதிரியை அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓயாத கூச்சல், அரை மணியில் காது மரத்துப்போகிறது, சின்னச் சத்தமெல்லாம் அதில் அமுங்கிவிடுகிறது என்று புகார். நியாயமான புகார்தான்.

ஜம்புநாதன்தான் வழி கண்டுபிடித்தார். ஹெட்போனில் ஓயாமல் கேட்கும் முனகலைக் கூட்டிக் குறைக்க, கருவியில் ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்ட குமிழ் ஒன்று இருந்தது. அந்த முனகல் கேட்டும் கேளாமலும் இருக்கிற இடத்தில் குமிழை நிறுத்த வேண்டும். அப்போதுதான் புதைத்த காசுக்கு மேலே போகும்போது சத்தம் லேசாக எழும்புவது தெரியும். பழகுவதற்குக் காசுகளைத்தான் புதைப்பார்கள். பத்துப் பைசாவைப் பிடிக்கிற கருவி மற்றதைப் பிடிக்காதா?

மேஜர் ஸ்ரீனிவாசன் பரிசோதிக்க வந்த அன்று காலையில் மழை விட்டு, தொழிற்சாலைப் புல்தரை சொதசொதவென்று கிடந்தது. மேஜர் தம் ஆளை விட்டுப் பத்துக் காசுகளைப் புதைக்கச் சொல்லியிருந்தார். எங்கே என்று வேறு யாருக்கும் தெரியாது. பிரிவின் தலைவர் அனந்தராமன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து அதைக் கசக்கிவிட்டார். கருவிக்கு ஒயர் பற்றவைத்த கனகவல்லி கொஞ்சம் தள்ளி நின்றாள். லாலாகுடா ரயில்வே காலனிப் பெண்; ஆறு மாதத்துக்கு ஒருதரம் நீட்டிக்கிற தற்காலிக ஆர்டரில் இருக்கிறவள். இன்றைக்கு நல்லபடி முடிந்தால் அவள் வேலை நிரந்தரம் என்று பேச்சு.

ஜம்புநாதன் தொழிற்சாலை பூட்ஸோடு புல்லில் இறங்கி ஹெட்போனை மாட்டினார். முனகலே இல்லை! திக்கென்றது. குமிழ் இரண்டில் நின்றது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்தபடி மெல்லத் திருப்பினார். ஏழில் வந்ததும் கேட்டும் கேளாமலும் முனகியது. தமது விதிப்படி அங்கேயே நிறுத்திவிட்டு நடந்தார். ஒன்பது காசு கிடைத்தது. பத்தாவது அகப்படவில்லை.

"பரவாயில்லை, நான் பார்க்கிறேன்" என்று மேஜர் ஹெட்போனை வாங்கி மாட்டினார். மாட்டிய வேகத்தில் பிடுங்கி எறிந்தார்.

"காது கிழியுதய்யா! இதுவா சத்தம் குறைஞ்ச கருவி? குமிழை இப்படி வச்சது யாரு?"

அப்போதுதான் ஜம்புநாதனுக்கு உறைத்தது. கேட்டும் கேளாமலும் என்பது அவர் காதுக்கு. மற்றவர்கள் காதுக்கு அது கூக்குரல். இத்தனை நாள் இந்தச் சின்ன விஷயம் எப்படித் தோன்றாமல் போயிற்று?

மேஜர் அவரைத் தாண்டி வலது பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுத ஆரம்பித்தார். என்ன நடந்தது என்று ஜம்புநாதனுக்குப் புரியவில்லை. அனந்தராமன் அவருடைய இடது காதோரம் வந்து, "தப்பிச்சோம் ஜம்பு. தான்தான் வச்சதா அந்தப் பொண்ணே ஒத்துண்டுட்டா. டெம்பரவரி ஆள்தானே, அவ பேர்லயே போகட்டும்" என்றார்.

ஜம்புநாதன் வலது பக்கம் திரும்பினார். கனகவல்லி தலையைக் குனிந்து நின்றாள். அவள் பேசியது ஒரு எழுத்துகூட அவருக்குக் கேட்டிருக்கவில்லை. மேஜரின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். அவளுக்கு வேறு வேலை கிடைக்காதா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். நினைத்ததற்காகக் கூசினார்.

"சார், அந்தப் பேரை அடிச்சுடுங்கோ." குரல் தேவைக்கு மேல் பலமாக வந்தது. "வச்சது நான். எனக்குக் காது கேக்கலை."

"ஜம்பு!" என்றார் அனந்தராமன்.

ஜம்புநாதன் அவளிடம் போனார். "நீ ஏம்மா சொன்னே?"

கனகவல்லி அவருடைய இடது பக்கம் சுற்றி வந்தாள். "ஒரு வருஷமா தெரியும் சார். தினம் நீங்க போன பின்னாடி மத்தவங்க காதுக்காக நான்தான் ரெண்டுக்குக் குறைச்சு வைப்பேன், காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி ஏழுக்கே திருப்பிடுவேன். இன்னிக்கு மேஜருக்காக ரெண்டுலயே விட்டேன், நீங்க இங்கயே திருப்பிட்டீங்க."

அவருக்குக் கண் கலங்கியது. ஹெட்போனை எடுத்து அவளிடம் நீட்டினார். "உன் காதுக்கு வச்சுக்கோ. அந்தப் பத்தாவதைத் தேடு."

அவள் மேஜரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். குமிழை இரண்டுக்குத் திருப்பிவிட்டு, கருவியை அலுங்காமல் வீசியபடி நடந்தாள். ஜம்புநாதனுக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். தரையின் நடுவில் அவள் நின்றாள். இரண்டடி பின்னால் வந்து, மறுபடி வீசி, அங்கேயே நின்றுவிட்டாள்.

மேஜர் குனிந்து பார்த்தார். ஜம்புநாதனும் போய்ப் பார்த்தார். காசு இருந்த இடத்துக்கு நேர் மேலே, ஈரப் புல்லை அமுக்கிக்கொண்டு, ஒரு பூட்ஸ் தடம் முழுசாகப் பதிந்திருந்தது.

"கண்ணிவெடியா இருந்திருந்தா? இதுல மிதிச்சது யாரு?" என்றார் மேஜர்.

அந்தக் கேள்வி மட்டும் ஜம்புநாதனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"என் கால்தான், சார்."