திரேசக்கா ஊற்றாத தண்ணீர்

திரேசக்கா போய்விட்டார் என்று மணியடிக்கிற கோவில்பிள்ளை வந்து சொன்னபோது அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அக்கா இப்போது எங்கே போயிருப்பார் என்ற நினைப்புதான் முதலில் வந்தது. நம் மாதா சபைப் பெண்கள் இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு நாளும் பூசை தவறாத மனுஷி மோட்சத்துக்குப் போகாமல் வேறெங்கே போவார் என்பீர்கள். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிப் பார்க்கிறேன். பயம் போனபாடில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவின் சிடுசிடுப்பு உங்களுக்கெல்லாம் தெரியும். நோயாளி வீட்டுக்குப் போனால் நாம் ஜெபமாலையை எடுப்போம். அவர் அழுக்குத்துணி எங்கே என்று கேட்பார். “படுத்திருக்கறவங்க செபம் பண்ணிக்குவாங்க. துணி தொவைக்க அவங்களால ஆவாது” என்று என்னிடம் எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறார். எனக்கோ வாய்தான் நீளம். உள்ளே எல்லாவற்றுக்கும் பயம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷக் கோடையில் வைத்திக்குப்பத்தில் அம்மை கண்டது. அப்போது நம் சபையில் சிலருக்கு ஒரு வேலை உண்டு, இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. சாகக் கிடக்கிற பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளையானாலும் ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும். பெற்றவளிடம் சொல்வதில்லை. சுரம் பார்ப்பதுபோல் ஈரத்துணியை நெற்றியில் பிழிந்து, வாய்க்குள் செபத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வருவோம். ஓர் ஆத்துமத்தைக் கரையேற்றிவிட்ட திருப்தியில் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிடுவோம். பிழைக்காது என்று தெரிந்த பிள்ளைக்கு மட்டுமே கொடுத்ததால், குப்பத்தார் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. கோவிலம்மாக்கள் தண்ணீர் தெளித்த பிள்ளை தங்காது என்று பேசிக்கொண்டார்கள்.

செங்கேணி மீன் விற்கிறவள். புருஷன் அம்மையில் போய் ஒரு வாரங்கூட ஆகவில்லை. அவளுக்கும் பால்குடி மகனுக்கும் உடம்பெல்லாம் முத்து. அக்கம்பக்கத்தார் வாசலில் கஞ்சியை வைத்துவிட்டு ஓடினார்கள். வேப்பிலை கட்டிய அந்தக் குடிசைக்குள் நானும் அக்காவும் குனிந்து நுழைந்ததும் அவள் பிள்ளையை மாரோடு இறுக்கிக்கொண்டாள்.

“தண்ணி தெளிக்க வந்தீங்களா? வேணாம்மா. எம்புள்ள போயிடும்.”

ஐயோ, அதெல்லாம் இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். பொய் எனக்குச் சட்டென்று வரும். அக்கா என் கையை அழுத்தினார்.

“ஆண்டவர்மேல ஆணை. நீ சரின்னு சொல்லாம அவன் நெத்தியில ஒரு சொட்டு படாது. கஞ்சி காய்ச்சிக் குடுக்கத்தான் வந்தேன்” என்றார்.

இந்த மனுஷி என்ன வாக்கைக் கொடுத்துத் தொலைத்துவிட்டார்!

அக்கா அங்கேயே தங்கிவிட்டார். நான் காலையில் போய் மத்தியானம் திரும்புவேன். எனக்கு அம்மை ஊசி குத்தியிருந்தது. என் கைக்குழந்தைக்கு இன்னும் குத்தவில்லை. கிணற்றடியில் கட்டிய புடவையோடு தண்ணீரைக் கொட்டிக்கொண்டுதான் மகளைத் தூக்குவேன். தூக்கியதும் அவள் முதுகில், தொடையில் கொப்புளம் இருக்கிறதா என்று தடவித் தேடுவேன். கொசுக்கடியைக் கண்டாலும் உயிர் போய் வரும். நாளைக்குப் போகக்கூடாது என்று தினமும் முடிவு செய்வேன். விடிந்தால் அக்கா தனியாக இருப்பாரே என்று போய் நிற்பேன்.

கடைசியில் செங்கேணியின் மகனுக்கு மூச்சு இழுத்தது. செங்கேணி சுரத்தில் நினைவு தப்பிக் கிடந்தாள். கைக்கெட்டும் இடத்தில் செம்பில் தண்ணீர் இருந்தது. நான் கண்ணால் காட்டினேன். அவளுக்குத் தெரியவா போகிறது?

அக்காவின் கை செம்பருகே போய் நின்றுவிட்டது. உதடு வெளுத்திருந்தது. அவர் அவ்வளவு பயந்து நான் பார்த்ததே இல்லை. ஞானஸ்நானம் பெறாமல் போகிற பிள்ளை மோட்சத்துக்கு வெளியே ஓர் இடத்தில்தான் இருக்கும், ஆண்டவரின் முகத்தை ஒருநாளும் பார்க்காது என்று நமக்குச் சொல்லித்தந்ததை என்னைவிட உறுதியாக நம்பியவர் அவர். அப்படியும் செங்கேணியின் தோளைத் தொட்டு எழுப்பினார். பிள்ளை போகிறான், எங்கள் வழக்கப்படி தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்டார். அவள் கண்ணைத் திறந்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். அக்கா செம்பை நகர்த்தி வைத்தார். பிள்ளையை எடுத்து அவள் மார்மேல் கிடத்தி, இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். பிள்ளை அங்கேயே அடங்கிவிட்டான்.

வெளியே வந்ததும் கடற்கரை மணலில் நின்று நான் கத்தினேன். ஓர் ஆத்துமத்தைத் தொலைத்துவிட்டீர்களே என்று வாய்க்கு வந்தபடி பேசினேன்.

“ஏமாத்திக் குடுக்கறதுக்கு நம்ம ஆண்டவர் என்ன திருட்டுச் சரக்காடி?” என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “ஆனா எனக்குப் பயமாயிருக்குடி” என்றார்.

என் மகளுக்கு ஒன்றும் வரவில்லை. செங்கேணி முகம் நிறையத் தழும்போடு எழுந்து மறுபடி கூடை தூக்கினாள். அக்கா அதற்குப் பிறகும் எத்தனையோ வீடுகளில் துணி துவைத்தார், புண் கழுவினார். எங்கேயும் கேட்காமல் தண்ணீர் ஊற்றவில்லை. கைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் மட்டும் நடுவழியில் நின்றுவிடுவார். நான் பேச்சை மாற்றுவேன்.

இந்தக் காய்ச்சலில் அவர் விழுந்தபோது கூட இருந்தவள் நான். சாமியார் சாகிறவர்களுக்கான எண்ணெயை வைத்து அவஸ்தைபூசிவிட்டுப் போன பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“மோட்சம் குடுத்தாருன்னா உள்ள போவமாட்டேன்டி. அந்தப் புள்ள எங்க இருக்கானோ அங்க அனுப்புங்கன்னு கேப்பேன். அவனைப் பாத்துக்க ஆள் வேணுமில்ல.”

நான் அவர் வாயைப் பொத்தினேன். சாகிற நேரத்தில் யாராவது இப்படிக் கேட்பார்களா? அவர் சொன்னால் செய்கிறவர். அதுதான் என் பயம்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தின் வாசலில் செங்கேணி நின்றிருந்தாள். உள்ளே வரலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. நம் மோட்சமும் அவளுக்குத் தெரியாது, அதற்கு வெளியே இருக்கிற இடமும் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா எம்புள்ளகிட்ட போயிருக்கும் இல்ல?”

“போயிருப்பாங்க” என்றேன்.

அக்காவின் ஆத்துமத்துக்கு மோட்சம் வேண்டி நீங்கள் செபிக்கிறீர்கள். செபியுங்கள். நான், அவர் கேட்ட இடத்தையே அவருக்குத் தந்தருளும் என்று கேட்கிறேன். அந்தச் செபம் ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. ஒவ்வொரு முறையும் பயந்து நடுங்கித்தான் கேட்கிறேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.