சாகும் காட்சி கேட்ட நடிகர்

போன மாதம் பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு பிறந்தநாள் பேனர் வைத்தோம். அன்று காலையே ஊர் துக்கம் விசாரிக்க வந்துவிட்டது.

நாங்கள் என்றால் யார்? நடிகர் வேணுதாசனின் ரசிகர்கள். சிரிக்காதீர்கள்... பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, நம் மலேசிய டிவி நாடகங்களில் வருஷக்கணக்காக அப்பாவாகவே நடித்தவருக்கும் ரசிகர் வட்டம் உண்டு. பெரிய கூட்டமில்லை. ஹனிபா பாய் சாப்பாட்டுக் கடையில் இரண்டு மேஜைகளை இழுத்துப் போட்டால் எல்லோரும் உட்கார்ந்துவிடலாம். பத்திரிகையில் பத்தி எழுத விஷயம் தேறுமே என்று ஒருநாள் எட்டிப்பார்த்தவள் நான். அப்படியே ஒட்டிக்கொண்டேன்.

கூடினால் என்ன செய்வோம்? அவர் இனிமேல் நடிக்க வேண்டிய படங்களைப் பேசுவோம். அவர் டிவியில் தலைகாட்டியே பல வருஷம் ஆகிறது. அதனால் என்ன? கற்பனைக்குக் கால்ஷீட் வாங்க வேண்டியதில்லையே!

ஹனிபா பாய்க்கு அவர் கப்பலேறி வந்து கோலசிலாங்கூரில் கடை போடும் வியாபாரியாக வர வேண்டும். பாயின் தாத்தா அப்படி வந்தவர். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற முனியாண்டி, அவரைத் தோட்டத்து மண்டோராக்கி, அதாவது கங்காணியாக்கி, துரையை எதிர்த்துப் பேச வைப்பார். எனக்கு அவர் நீதிபதி. அந்தக் குரலில் ஒரு நல்ல தீர்ப்பைக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் குரல்... கொஞ்சம் கரகரப்பு, அவசரமே இல்லாத குரல். ஆடியோபுக் என்ற ஒன்று வந்த பிறகு எங்கள் ஆசைக்கு அளவே இல்லாமல் போய்விட்டது. சரித்திர நாவல் வாசிக்கட்டும் என்பார் ஒருவர். பிள்ளைகளுக்குக் கதை சொல்லட்டும் என்பார் இன்னொருவர். மழைக்கால எச்சரிக்கையை அவர் வாசித்தால்கூட லோரியில் போட்டுக் கேட்பேன் என்பார் முனியாண்டி. எண்ணெய் ஆலைக்கு வெளியே குலையோடு வரிசையில் காத்துக்கிடக்கும் மனிதருக்கு அந்தக் குரல் வேண்டியிருந்தது.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் — எங்கள் படங்களில் அவர் சாகக் கூடாது.

காரணம் இருக்கிறது. நாடகங்களில் அவரைக் கொன்றுகொண்டே இருந்தார்கள். வெளியூரில் இருக்கும் மகன் வீடு திரும்ப வேண்டுமா? அப்பாவைக் கொல். அண்ணன் தம்பிக்குள் சொத்துச் சண்டை மூட்ட வேண்டுமா? அப்பாவைக் கொல். இரண்டாவது வாரம் பார்த்தால் சுவரில் அவர் போட்டோ, மாலையோடு. அதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் முனியாண்டி இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். எல்லோரும் தலையாட்டினோம்.

சரி, பேனருக்கு வருவோம். கருப்பு வெள்ளைப் படம் போட்டால் கம்பீரமாக இருக்கும் என்றார் பாய். அச்சுக் கடைக்காரர் சும்மா இருப்பாரா? படத்தைச் சுற்றி மல்லிகைச் சரத்தை ஓடவிட்டார். கீழே பெரிய எழுத்தில், 'என்றென்றும் எங்கள் நெஞ்சில் வாழும் கலைஞர்'. பிறந்தநாள் வாழ்த்து என்பதை ஓரத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தார். இத்தனை பேர் பார்த்தோமே, ஒருவருக்காவது உறைத்ததா? இல்லை. ரசிகர்களின் கண் அப்படி!

கடை வாசலில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். எப்போது எடுக்கிறார்கள் என்று தோட்டத்துக்காரர் ஒருவர் தணிந்த குரலில் பாயிடம் கேட்டார். பாய் பதறிப்போய் பேனரைக் கழற்ற ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, அதில் போட்டிருந்த பாயின் எண்ணுக்கே அழைப்பு வந்தது.

வேணுதாசனின் மனைவி சரோஜா. பாய் எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேஜைமேல் வைத்தார். திட்டு வாங்கத் தயாராக இருந்தோம். அவர் திட்டவில்லை.

“யாரு உங்ககிட்ட சொன்னது? டாக்டர் சொன்னத நாங்க பிள்ளைங்ககிட்டயே இன்னும் சொல்லலியே.”

பாய் போனையே பார்த்தார். 

விளையாட்டாக வைத்த பேனர் உண்மையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டது. அவருக்கு நுரையீரலில் நோய். இனி மருந்தால் ஆவதற்கு எதுவுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பாய் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். சரோஜா அக்கா, வந்து பார்க்கிறீர்களா, ரசிகர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவர் சந்தோஷப்படுவார் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாய், முனியாண்டி, நான் மூவரும் சுங்கை புரோங் போனோம். வயல் ஓரத்தில் சின்ன வீடு. வாசலிலேயே சரோஜா அக்கா எங்களை நிறுத்தி, டாக்டர் சொன்ன பேச்சை மட்டும் உள்ளே எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் போகப்போகிறார் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லையாம். அக்காவின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சமையலறையைக் கடந்தபோது பார்த்தேன், மூடிவைத்த தட்டு ஒன்று தொடாமலே இருந்தது.

வேணுதாசன் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். குரல் மட்டும் அதே குரல்... ஆனால் நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சுக்காக நின்றது.  பேசத் தெரிந்தவள் என்று பேர் எடுத்த நான், விளக்குக் கம்பம் மாதிரி நின்றேன்.

பாய்தான் நிலைமையைச் சமாளித்தார். எங்கள் படங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். வியாபாரி, மண்டோர், நீதிபதி. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், சிரித்தார். துரையிடம் என்ன வசனம் பேசுவேன் என்று முனியாண்டியைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒவ்வொரு கதைக்கும் ஒரே கேள்வி — கடைசியில் நான் என்ன ஆகிறேன்? நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிடுகிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் பாய் சொன்னார்.

பெரியவர் கண்ணைத் திறந்தார்.

“நாடகத்துல நான் செத்துட்டேன்னு சொல்லுவாங்க. போட்டோ மாட்டுவாங்க. சாவுற சீனு ஒருத்தரும் குடுத்ததில்ல, தம்பி. நீங்களாச்சும் ஒண்ணு குடுங்களேன்.”

கதவருகே நின்ற சரோஜா அக்கா சட்டென்று பின்கட்டுக்குப் போய்விட்டார்.

எவ்வளவு உண்மை! யோசித்துப் பாருங்கள். வெளியே ஒரு அலறல், அடுத்த காட்சியில் மாலை... அவ்வளவுதானே அவருக்குக் கிடைத்தது. வாழ்நாளெல்லாம் செத்து நடித்தவருக்குச் சாகும் காட்சி ஒன்றுகூட வாய்க்கவில்லை. மூச்சு இருக்கும்போதே ஒன்றை நடித்துவிட வேண்டும் என்று கேட்கிறார். இதில் பயத்தைக் காட்டிலும் தொழில் ஆசைதான் எனக்குத் தெரிந்தது.

திரும்பும் வழியில் தஞ்சோங் காராங் தாண்டிய பிறகு, முனியாண்டி, என்னால் முடியாதுலா என்றார். சட்டம் கொண்டுவந்தவரே நான், நானே அவரைக் கொல்லவா என்றார். எனக்குக் கோபம் வந்தது. சட்டம் நம்முடைய மனநிம்மதிக்காகப் போட்டது, அவர் கேட்பது அவருடைய நிம்மதி என்று கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன். பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, ஆலை வரிசையில் நின்றபடி முனியாண்டி எனக்குப் போன் செய்தார். காட்சியைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். வயதான மண்டோர் கட்டிலில் கிடக்கிறார். மனைவி பக்கத்தில் நிற்கிறாள். முதல் வசனமாக, “நீ சாப்பிட்டியா?”

இது போதுமா என்று இழுத்தேன்.

“படுத்துக் கெடக்குற மனுசன் வேற என்னாக்கா கேப்பான்?” என்றார்.

ஹனிபா பாய்க்கு அது போதவில்லை. மண், மரம், கடல், பிறந்த ஊர் எல்லாம் வருகிற மாதிரி அதற்குக் கீழே ஒரு பக்கத்துக்கு வசனம் சேர்த்தார். நல்ல வசனம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆடியோபுக் கேட்டவர்கள் அல்லவா நாங்கள்? கொஞ்சம் நீளமாகவே கேட்க ஆசை இருக்காதா?

போன சனிக்கிழமை மத்தியானம் அவர் எதிரில் என் போனை வைத்து ரெக்கார்டிங்கைத் தட்டினேன். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். வசனத் தாளை ஒருமுறை மனசுக்குள் படித்துப் பார்த்தார். பழைய பழக்கம்போல... தொண்டையைச் செருமி, முதுகை நிமிர்த்தினார்.

“நீ சாப்பிட்டியா?”

கதவருகே இருந்து பதில் வந்தது.

“இன்னும் இல்லீங்க.”

சரோஜா அக்காவுக்கு அது வசனம் என்று தெரியாது. தண்ணீர் செம்போடு நின்றிருந்தார். நாங்கள் மூவரும் அவரையே பார்த்தோம். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஆனாலும் அவர் பின்கட்டுக்குப் போகவில்லை. அங்கேயே நின்றார்.

வேணுதாசன் தாளைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“தட்ட எடுத்துட்டு இங்க வா, சரோஜா. எம்முன்னாடி உக்காந்து சாப்பிடு. நான் போன பொறவும் வேளாவேளைக்குச் சாப்பிடணும்.”

அவர் போகப்போகிறார் என்பது அந்த வீட்டில் அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லப்பட்டது. சரோஜா அக்கா அழுதார். அழுதுகொண்டே போய்ச் சோறு போட்டு எடுத்துவந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். பெரியவர் கடைசிக் கவளம்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரெக்கார்டிங்கை நிறுத்தினேன். முனியாண்டி எழுந்து வெளியே போனார்.

பாயின் வசனம் அப்படியே இருக்கிறது. ஒரு வரிகூடப் படிக்கப்படவில்லை. பாயும் படிக்கச் சொல்லவில்லை.

நல்ல நடிகருக்குத் தெரிந்திருக்கிறது... தாளை எந்த இடத்தில் கீழே வைக்க வேண்டும் என்று.