ஆப்ப மாவுக்கென்று வாங்கிய ஈஸ்ட்

வளைகுடாவில், அல் குசைஸ் தொழிலாளர் கேம்பில் எனக்குக் கீழ்க்கட்டிலில் ரஷீத் பாய். பெஷாவர்க்காரர், பேக்கரியில் வேலை, ஐந்து வேளையும் தொழுபவர். எனக்கோ அப்போது ரூமிலேயே பீர் காய்ச்சிப் பார்க்கும் கிறுக்கு. "ஆப்ப மாவுக்கு" என்று பொய் சொல்லி அவரிடமே ஈஸ்ட் வாங்கினேன். மால்ட் பானத்தில் அதையும் சர்க்கரையையும் கலந்து, பாட்டில் மூடிகளை இறுக்கி, கட்டிலுக்கடியில் ஒளித்தேன். காற்று போக வழி விட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பாட்டில் வெடித்தது. நுரை முழுக்க, பக்கத்திலிருந்த ரஷீத் பாயின் தொழுகை விரிப்பில். அதை நான் துடைத்துக்கொண்டிருந்தபோதே ஜும்மா தொழுகை முடித்து அவர் வந்துவிட்டார். கேம்ப் பாஸிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வேலையும் விசாவும் போய்விடும்.

விரிப்பை முகர்ந்தார். முகம் இறுகியது.

"மிச்சத்தையும் கொட்டு" என்றார் இந்தியில்.

கொட்டினேன். அவர் விரிப்பை மூன்று முறை அலசிக் காயப்போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அச்சா பாய், ஆப்பம் எங்கே?"

"எனக்குச் சுடத் தெரியாது, பாய்."

"கத்துக்கோ. அடுத்த ஜும்மாவுக்கு எனக்கு வேணும்."

அம்மாவுக்கு போன் போட்டு மாவுப் பக்குவம் கேட்டுக்கொண்டேன். வியாழக்கிழமை டூட்டி முடிந்து வந்தபோது என் தலையணைமேல் ஒரு புது ஈஸ்ட் பாக்கெட் இருந்தது.

மறுநாள் சுட்ட முதல் ஆப்பம் சட்டியோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டிக் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டார். இன்றும் வெள்ளிதோறும் சுடுகிறேன். மறக்க முடியாதது அந்தப் பாக்கெட்தான். என்னை நம்பலாம் என்று எனக்கே தெரியாத நாளில், அவர் அதைக் கொண்டுவந்து வைத்திருந்தார்.