பதினாறு கோரும் ஒட்சிசன் மெஷினும்

ஜொனாதன் கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். நுரையீரல் கெட்டுப்போய், வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி வீடொன்றில் மூக்கில் ஒட்சிசன் குழாயுடன் இருக்கிறார். அவரைப் பராமரிப்பது என் வேலை.

தபாலட்டையில் செஸ் ஆடத் தொடங்கியவர், இப்போது இணையத்தில் ஆடுகிறார். ஒரு நகர்வுக்குப் பல நாள் அவகாசம். கம்ப்யூட்டரிடம் யோசனை கேட்கவும் அனுமதி உண்டு. போலந்துக்காரர் ஒருவருடன் ஓர் ஆட்டம் மிச்சம். வென்றால் பட்டம். பழைய கம்ப்யூட்டரோ திணறியது.

கம்ப்யூட்டர் கடைக்கார ரிஸ்கான் எட்டுக் கோர், அதாவது எட்டு மூளை, உள்ள புரொசெசர் ஒன்றும் பதினாறு கோர் ஒன்றும் கொண்டுவந்தார்.

"செஸ்ஸுக்கு கோர் கூடினா நல்லம் அங்கிள். செஸ் புரோகிராம் எல்லாக் கோரையும் ஒரேயடியா வேல வாங்கும்."

"அப்ப பதினாறு."

"எவ்வளவு கரண்ட் இழுக்கும்?" என்று கேட்டேன். கரண்ட் போனால் ஒட்சிசன் மெஷினும் கம்ப்யூட்டரும் ஒரே இன்வெர்ட்டரில்தான் ஓட வேண்டும்.

"மிஸ் இருந்தா ராஜாவுக்கு எப்பவும் செக்தான்," என்றார் ஜொனாதன்.

"ராஜா மூச்சு விட்டாத்தானே ஆட்டம்?"

ரிஸ்கான் பதினாறைப் பொருத்தினார். அவசரத்துக்கென்று வைத்திருந்த ஒட்சிசன் சிலிண்டரைக் கட்டிலருகே இழுத்து வைத்துவிட்டு, மெயின் சுவிட்சை நிறுத்தச் சொன்னேன். இன்வெர்ட்டர் தாங்கியது.

"பாத்தீங்களா அன்ட்டி, ஒண்டும் நடக்கல்ல!" என்றார் ரிஸ்கான்.

ஜொனாதனுக்குப் பொறுமையில்லை. மெயினைத் திரும்பப் போடுமுன்பே செஸ் புரோகிராமை ஓடவிட்டார். விசிறி இரைந்தது. இன்வெர்ட்டர் கீச்சிட்டு நின்றுபோனது. திரை கறுத்தது, ஒட்சிசன் மெஷின் அலறியது.

"மெயினைப் போடுங்கோ!" என்று கத்தினேன்.

ரிஸ்கான் இருட்டு நடைவழியில் எதிலோ மோதினார். ஜொனாதனின் விரலில் மாட்டிய ஒட்சிசன் மீட்டர் தொண்ணூறிலிருந்து எண்பத்துநாலுக்கு இறங்கியது. உதடு நீலம். நான் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினேன். எண் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல ஏறியது.

பேச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் சொல், "எட்டே போதும்."

"பொறுங்க அங்கிள்," என்றார் ரிஸ்கான். "பதினாறு இழுக்கிற கரண்டக் குறைச்சு வைக்க ஏலும். கொஞ்சம் வேகம் குறையும். ஆனாலும் எட்ட விட வேகம்."

"அப்படியே வையுங்கோ. பிறகு மெயினைத் திரும்ப நிப்பாட்டிப் பாக்க வேணும்," என்றேன்.

"திரும்பவுமா?" ஜொனாதன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தமுறை உங்களுக்குச் சிலிண்டர். மெஷின் சும்மா ஓடட்டும்."

செஸ் ஓட ஓட மெயினை நிறுத்தினோம். கீழே கடலோர ரயில் வந்து, கடந்து, ஓய்ந்தது. இன்வெர்ட்டர் கீச்சிடவில்லை. கம்ப்யூட்டர் நன்றாகச் சூடாகும்வரை நான் மெயினைப் போட விடவில்லை.

அடுத்த கிழமை மழையில் உண்மையாகவே கரண்ட் போனது. லிப்டும் நின்றது. மெஷின் ஓடியது, செஸ்ஸும் ஓடியது.

"மிஸ், குதிரையப் பலி குடுக்கப் போறன்," என்றார் ஜொனாதன்.

மீட்டரைப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு.

"குடுங்கோ," என்றேன்.