கைப்பேசிக்குள் ஓர் அக்கா

எங்கள் வேளாண் அலுவலகத்து அக்காவுக்கு இனிக்க இனிக்கப் பேச வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைத் தெய்வமாக்குகிறேன் என்று பிறகு யாரும் என்மேல் பாயக்கூடாது. நோய் வந்த இலையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், நலமா என்றெல்லாம் விசாரிக்க மாட்டார். "இலையோட அடிப்பக்கத்தை யாரு காட்டுவா? திருப்பிப் பிடிச்சு இன்னொரு படம் அனுப்பு. கடைசியா என்ன மருந்து அடிச்சே, அதையும் சொல்லு" என்று குரல் செய்தியில் அதட்டுவார். இதனாலேயே அவருக்கு 'இலைதிருப்பி' என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

அந்த இரண்டு கேள்விக்கும் பதில் வராமல் அவர் எந்த மருந்தின் பெயரையும் சொன்னதில்லை. தெரியாவிட்டால், "எனக்குப் புரியல, நேர்ல வந்து பாக்கறேன்" என்பார். சொன்னபடி ஸ்கூட்டரில் வந்தும் நிற்பார். எங்களில் பாதிப் பேர் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் என்பதால் எப்போதும் பேசித்தான் அனுப்புவார். பின்னால் எங்கோ தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தமும் சேர்ந்து வரும். இடுப்பில் செருகிய கைப்பேசியில் அதைக் கேட்டபடியே களை பறிப்போம். அந்தக் குரல் சொன்னால் செய்துவிடுவோம். ஏன், எதற்கு என்று கேட்டதில்லை.

இதைத்தான் அவருடைய மேலதிகாரி மோப்பம் பிடித்தார். அவர் யாரோ எவரோ அல்ல. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், மழையில் ஒரே குடைக்குள் வயல் வயலாகச் சுற்றியவர்கள். அவர் பரீட்சை எழுதி மேலே போய்விட்டார், அக்கா வரப்பிலேயே இருந்துவிட்டார். ஒருநாள் அலுவலகத்தின் பின்னறைக்கு அக்காவை அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"நீங்க ஒருத்தரே எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்லுவீங்க? ஒரு செயலி செய்யறோம். நீங்க கொஞ்சம் வாசிச்சுக் கொடுத்தா கம்ப்யூட்டர் உங்க குரலைப் பழகிக்கும், விவசாயி கேள்வி கேட்டா உங்க குரல்லயே பதில் வரும். நீங்க சரின்னு சொல்லாத ஒரு வார்த்தை வெளியே போகாது. அதுக்கு நான் பொறுப்பு."

அக்கா நம்பினார். வெளிச்சத்தம் நுழையாமலிருக்க ஜன்னலில் போர்வை மாட்டி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க அங்கே உட்கார்ந்து, கொடுத்த வரிகளையெல்லாம் வாசித்துப் பதிவு செய்தார். தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தவரை அவர் கணவர், "வீடு இப்பத்தான் அமைதியா இருக்கு. இந்த வேலையை நிரந்தரமாக்கித் தரச் சொல்லேன்" என்று கிண்டலடித்தாராம். அக்காவே இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

செயலி வந்தது. அதற்குள் இருந்த அக்கா அதட்டவில்லை. "வணக்கம், உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று குழைந்தது. இலையைத் திருப்பச் சொல்லவில்லை, முன்பு என்ன அடித்தாய் என்று கேட்கவில்லை. எதைக் கேட்டாலும் பேச்சு ஒரே கம்பெனியின் மருந்தில் போய் முடிந்தது. செயலிக்குப் பணம் போட்டதே அந்தக் கம்பெனிதான் என்பது அக்காவுக்கே பிறகுதான் தெரியும். எங்கள் ஆட்களோ, இப்போதாவது அக்காவுக்கு மரியாதை தெரிந்ததே என்று பூரித்துப்போனார்கள்.

முதலில் கருகியது பக்கத்து வயல் வெள்ளரிக்காரரின் கொடிகள். இலையில் வெள்ளையாகச் சாம்பல் நோய் படர்ந்திருந்தது. செயலி கந்தகம் தெளிக்கச் சொன்னது. அவர் அதற்குச் சில நாள் முன்புதான் எண்ணெய் மருந்து அடித்திருந்தார். எண்ணெய் பட்ட இலையில் கந்தகம் விழுந்தால் இலை வெந்துவிடும். பிஞ்சு பிடித்திருந்த வயல் முழுக்கப் பழுப்பேறிச் சுருண்டது. அவர் நேரே அக்கா வீட்டு வாசலில் போய் நின்று, "நீ சொல்லித்தானே அடிச்சேன்!" என்று கத்தினார். அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவர் கைப்பேசியை நீட்டி அந்தப் பதிலைப் போட்டுக் காட்டியதும் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் நான் விதை வாங்கப் போனபோது அலுவலகத்தின் பின்னறைக் கதவு திறந்திருந்தது.

"நான் கேட்டு சரி சொன்னாத்தான் போகும்னு சொன்னீங்களே சார்?" என்றார் அக்கா.

"ஒவ்வொண்ணையும் உங்ககிட்ட காட்டிட்டிருந்தா வேலை எப்ப முடியறது? ஆயிரத்துல ஒண்ணு அப்படித்தான் ஆகும்."

"அது என் குரல் சார்."

"குரல் உங்களுது. செயலி எங்களுது" என்று சொல்லிவிட்டு அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூட நடந்தவளின் கழுத்தை இவ்வளவு சாவதானமாக ஒருவர் அறுக்க முடியுமா? அக்கா வெளியே வந்து, வாகனம் நிறுத்தும் இடத்தில் நின்றபடியே குழுவுக்குப் பேசி அனுப்பினார்: "செயலியில பேசறது நான் இல்ல. அதை நம்பி எதையும் அடிக்காதீங்க." சற்று நேரத்தில் அந்தச் செய்தியைக் காணவில்லை. இன்னும் சற்று நேரத்தில் குழுவில் அக்காவையே காணவில்லை. குழுவின் அட்மின் அந்த அதிகாரி.

வேறு வழியில்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வயல் வயலாக அதையே சொல்லிக்கொண்டு போனார். எங்கள் வயலுக்கு வந்தபோது தக்காளியில் ஒரு மூலையில் இலைகள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. அக்கா குனிந்து இலையைத் திருப்பினார். அடியில் வெள்ளை ஈக்கள் சிதறிப் பறந்தன.

"இது ஈ பரப்பற நோய். சுருண்ட செடி இனிமே எந்த மருந்துக்கும் பிழைக்காது. இந்த மூலையை இன்னைக்கே பிடுங்கிடு தம்பி, மத்ததாவது தப்பிக்கும்" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

காய்த்து நிற்கும் செடியைப் பிடுங்க யாருக்கு மனசு வரும்? என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு, "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா, எதுக்கும் ஒரு தடவை கேட்டுக்கறேன்" என்று கைப்பேசியை எடுத்து, அவர் எதிரிலேயே செயலியிடம் கேட்டார்.

"கவலை வேண்டாம். செடிகளைப் பிடுங்கத் தேவையில்லை" என்று தொடங்கி, அக்காவின் குரல் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னது.

"பாருங்க, நீங்களே வேண்டாங்கறீங்க."

"அது நான் இல்ல தம்பி. இதோ, இங்க நிக்கறேனே, இதுதான் நான்."

"ரெண்டும் நீங்கதானே அக்கா. அதுல கொஞ்சம் பொறுமையா சொல்றீங்க, அவ்வளவுதான்."

"உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா?" என்று நான் அவர்மேல் பாய்ந்தேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. இனி அக்கா போடப்போகும் அதட்டலில் மனுஷன் அலறப் போகிறார் என்று காத்திருந்தேன். அக்கா அதட்டவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டார். குரலைத் தாழ்த்தி, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, அந்தச் செயலி பேசுவது போலவே குழைவாக, "தயவுசெய்து, செடிகளைப் பிடுங்கிவிடுங்கள்" என்றார்.

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டு மருந்துக் கடைக்குக் கிளம்பினார்.